சீனி போடாத பலகாரம்: காஃபீன் இல்லாத இனிப்பு மணத் தேநீர்களைக் காய்ச்சவும் ருசிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ‘இனிப்பா ஏதாவது இருக்கா’ என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிற ரகம் நான். அந்த நேரத்தில் ஒரு காபி குடித்தால் போதும், ராத்திரி ஒரு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். உடம்பில் போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பலகாரம் சாப்பிட்டால் மறுநாள் வயிறு சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த வழிதான் இனிப்பு மணம் கொண்ட மூலிகைத் தேநீர்: வெனிலா, பட்டை, கேரமல், ஆப்பிள் என்று பலகார வாசனையோடு, காஃபீன் துளியும் இல்லாமல்.

நமக்கு இது புதிதும் இல்லை. சுக்கு மல்லிக் காபியில் காபி எங்கே இருக்கிறது? சுக்கு, கொத்தமல்லி விதை, கருப்பட்டி, அவ்வளவுதான். பெயரில் மட்டும் காபி. காஃபீன் இல்லாத இனிப்புப் பானத்துக்கு நம் ஊர்க்காரர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நான் கீழே சொல்வது அதே அடுப்பில் இன்னும் கொஞ்சம் தூரம் போவது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கடையில் ‘கேரமல்’, ‘ஆப்பிள் பை’ என்று எழுதிய தேநீரை வாங்கி வந்து, முதல் வாயிலேயே ‘சப்பென்று இருக்கிறதே’ என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். நானும்தான். காரணம், பலகாரம் என்றால் நாக்கில் இனிப்பு வரும் என்று காத்திருக்கிறோம். இந்தத் தேநீர்களில் இனிப்பு நாக்கில் இல்லை, மூக்கில் இருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். பட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை எடுத்து, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். லேசான துவர்ப்போடு வெறும் வெந்நீர்தான் தெரியும். வாயில் வைத்தபடியே மூக்கை விடுங்கள். சட்டென்று பட்டை வாசனை உள்ளே பரவும், கூடவே ‘இனிக்கிறதோ’ என்று தோன்றும். வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற இந்த மணத்தைத்தான் நாம் ருசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெனிலாவையும் பட்டையையும் ஏலக்காயையும் வாழ்நாள் முழுக்க இனிப்போடு சேர்த்தே சாப்பிட்டுப் பழகியதால், வாசனை வந்தாலே மூளை இனிப்பையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

இதிலிருந்து சமையலறைக்கு மூன்று விதிகள் கிடைக்கின்றன. மணம் கிளம்ப இலை தாராளமாக வேண்டும். மணம் பறக்காமலிருக்க மூடி வேண்டும். நாக்குக்கும் ஏதாவது கிடைக்க, திடமான ஒரு அடித்தளம் வேண்டும். மீதியெல்லாம் இவற்றின் விரிவாக்கம்.

அடித்தளத்தைத் தேர்ந்தெடுப்பது

பலகாரத் தேநீரின் மாவு என்று இதைச் சொல்லலாம். இது சரியாக இல்லாவிட்டால் மேலே எத்தனை வாசனை தூவினாலும் தண்ணீரில் சென்ட் கலந்த மாதிரிதான் இருக்கும்.

என் முதல் தேர்வு ரூயிபோஸ். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில், கிளான்வில்லியம் ஊரைச் சுற்றியுள்ள சீடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் புதர்ச்செடி. நம்ம பருப்பு, பயறு எல்லாம் சேர்ந்த அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை ஊசி மாதிரி மெல்லியதாக இருக்கும். வெட்டும்போது பச்சையாகத்தான் இருக்கும். நறுக்கி, நசுக்கி, ஈரப்படுத்திக் குவித்து வைத்தால் காற்றுப்பட்டுச் செங்கல் நிறத்துக்கு மாறும். அப்புறம் வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். அந்தச் சிவப்பும் தேன் வாசனையும் இந்தக் குவியலில் வருபவைதான். ரூயிபோஸ் என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல்லுக்கே சிவப்புப் புதர் என்றுதான் பொருள்.

அந்த மண்ணின் கோய், சான் மக்கள் காலங்காலமாக அறிந்திருந்த செடி இது. 1904இல் பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்ற வணிகர் இதை வாங்கி விற்கத் தொடங்கினார். காட்டில் பறித்துக்கொண்டிருந்ததை வயலில் பயிரிட வழி செய்தவர்களில் முக்கியமானவர் கிளான்வில்லியத்தில் மருத்துவராக இருந்த லே ஃப்ரா நோர்ட்டியே. அது 1930களை ஒட்டிய காலம். 2019இல் கோய், சான் மக்களுக்கு வருமானத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ரூயிபோஸ் என்ற பெயருக்கு புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. திருநெல்வேலி அல்வாவைப் போல, இந்தப் பெயரும் ஒரு மண்ணோடு ஒட்டியது.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. ரூயிபோஸில் காஃபீன் கிடையாது, துவர்ப்புத் தரும் டானின் குறைவு. அதனால் எத்தனை நேரம் ஊறினாலும் சாதாரணத் தேயிலை போலக் கசந்து நாக்கைப் பிடிக்காது. பாலும் ஏற்கும். அங்கே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பதும் சகஜம்தான். என் மூக்குக்கு அது அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய அடுப்படி, கூடவே கொஞ்சம் காய்ந்த வைக்கோல்.

ஹனிபுஷ் என்பது ரூயிபோஸின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி; அதுவும் தென்னாப்பிரிக்காதான். வைக்கோல் குறைந்து, தேனும் உலர் பழமும் கூடியிருக்கும். கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம்.

அடுத்தது நம் வீட்டிலேயே இருக்கிற ஆள்: சிக்கரி. காபித்தூளில் கலப்படம் என்று முகம் சுளிக்கிறோம், ஆனால் சிக்கரி தனியாகவே ஒரு நல்ல பானம். வறுத்த வேர். காஃபீன் இல்லை. கருகின சர்க்கரையின் கசப்பும் இனிப்பும் சேர்ந்த ருசி. ‘கேரமல்’ என்று பெயர் போட்ட மூலிகைக் கலவைகள் பலவற்றில் பின்னால் நின்று வேலை செய்வது இதுதான். கோப்பைக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் மருந்துக் கஷாயம் ஆகிவிடும், ஜாக்கிரதை.

சாமந்திக் குடும்பத்துக் கேமமைல் பூ மூன்றாவது. கிரேக்க மொழியில் அதன் பெயருக்குத் தரை ஆப்பிள் என்று பொருள். ஸ்பானியரோ மன்சனியா, சின்ன ஆப்பிள் என்பார்கள். முகர்ந்து பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான். பழவகைப் பலகார மணத்துக்கு இது. பாலோடு எனக்கு ஒத்துவரவில்லை.

எது காஃபீன் இல்லாதது? அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

‘மூலிகை’ என்று எழுதியிருந்தால் காஃபீன் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. மாட்டே, குவாயுசா இரண்டும் இலைப் பானங்கள்தான், இரண்டிலும் காஃபீன் உண்டு. குவரானா என்ற கொடியின் விதையிலும் உண்டு. சாக்லேட் வாசனைக் கலவைகளில் கொக்கோ ஓடு சேர்ப்பார்கள். அதில் காஃபீனின் உறவுக்காரனான தியோபுரோமினோடு கொஞ்சம் காஃபீனும் வரும். சிறிதளவுதான், ஆனால் ராத்திரித் தூக்கத்துக்குப் பயந்தே இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு அது கணக்கில் சேரும். ‘டீகாஃப்’ என்பது காஃபீன் எடுக்கப்பட்டது. முழுக்கப் போய்விட்டதாக அர்த்தமில்லை. ‘மசாலா சாய்’ சுவை என்று இருந்தால் அடியில் கறுப்புத் தேயிலைதான் இருக்கிறதா என்று பொருள்பட்டியலில் தேடுங்கள். காமெலியா சைனென்சிஸ் என்ற தாவரப் பெயர் தென்பட்டால் அது தேயிலை, திரும்ப வைத்துவிடுங்கள். சாக்லேட் ருசி கட்டாயம் வேண்டும் என்றால் கரோப் என்ற மரத்தின் வறுத்த காய் இருக்கும் கலவையைப் பாருங்கள், அதில் காஃபீன் இல்லை.

இன்னொன்று. ரோசெல், அதாவது சிவப்பாகப் புளிக்கிற செம்பருத்தி வகை, பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் அந்தத் தேநீரில் பால் ஊற்றக் கூடாது. ஒரு முறை ‘ஸ்ட்ராபெர்ரி கேக்’ என்று பெயரிட்ட ஒரு பாக்கெட்டை வாங்கிவந்து, பெயரை நம்பிப் பாலை ஊற்றினேன். பால் திரிந்து, கோப்பையில் பனீர் கட்டி கிடைத்தது. கேக் கிடைக்கவில்லை.

மணப் பொருட்கள்: கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும்

இங்கேதான் நான் நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன்.

வெனிலாக் காய் விலை கூடியது. கையால் மகரந்தம் சேர்க்க வேண்டிய பயிர் என்பதால் அப்படி. அந்தக் கைவேலையை எளிதாகச் செய்யும் முறையைக் கண்டது இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், 1841இல். ஒரு காயை வாங்கினால் ஒரு வருஷம் ஓட்டலாம். நீளவாக்கில் கீறி, விதையைச் சுரண்டி ஒரு பலகாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தோலை நன்றாகக் காயவைத்து, 100 கிராம் ரூயிபோஸ் இருக்கும் பாட்டிலில் செருகி இரண்டு வாரம் மூடிவையுங்கள். கடையில் விற்கும் வெனிலா ரூயிபோஸைவிட இது அடக்கமான மணம், ஆனால் கோப்பை காலியான பிறகும் நிற்கும்.

வெனிலா வாங்கக் கட்டுப்படியாகவில்லையா? நன்னாரி இருக்கிறது. நன்னாரி வேரின் வாசனைக்கு முக்கியக் காரணமான சேர்மமும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களை வேறு அடுக்கில் வைத்துக் கட்டியவை. வேதியியலில் மாற்றியம் என்பார்கள். நன்னாரி சர்பத்தைக் குடிக்கும்போது ஐஸ்கிரீம் நினைவு வருவது மனப்பிரமை இல்லை. வாங்கும்போது வேரின் மேல்தோல் சுருங்கிப் பழுப்பாக இருக்கிறதா, ஒடித்தால் மணம் வருகிறதா என்று பாருங்கள். மணமெல்லாம் தோலில்தான். உரலில் லேசாகத் தட்டினால் நடுவில் வெளுத்த குச்சி பிரிந்து வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகப் போய்விடும். வெந்நீரில் போட்டு மூடி ஊறவைப்பதே சரி.

பட்டையில் இரண்டு உண்டு. நம் மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கிடைக்கும் கெட்டியான, ஒரே சுருளாக இருக்கிற முரட்டுப் பட்டை பெரும்பாலும் காசியா. இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களைச் சுருட்டிய சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். தேநீருக்குக் கறுவாதான் நல்லது. காரம் குறைவு, பூவாசனை கூடுதல். தினமும் குடிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அது அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. கறுவாவில் அது மிகச் சொற்பம்.

ஏலக்காயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போடி ஏலக்காய் தோலோடு தட்டிப் போடுங்கள். பொடி வேண்டாம், அது சீக்கிரம் மணம் இழக்கும். சோம்பு ஒரு சிட்டிகை போட்டால் வாயில் தித்திப்பின் சாயல் வரும். சாதிக்காய் இரண்டே இரண்டு துருவல். அதிகம் போனால் மருந்து, இன்னும் அதிகம் போனால் விஷம். ரம்பை இலை இலங்கைச் சமையலறைகளில் கொல்லையிலேயே வளரும், சிங்கப்பூர் மலேசியாக்காரர்களுக்குப் பாண்டான். வெந்த பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே சேர்மம்தான் இதிலும். பால் சோறு, தேங்காய், வெல்லம் எல்லாவற்றோடும் ஒட்டும்.

அதிமதுரம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. இதன் இனிப்புச் சத்தான கிளிசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு வரை இனிக்கும். குடித்தவுடன் தெரியாது; விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக ஏறி, போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். ‘சர்க்கரை சேர்க்காதது, ஆனாலும் இனிக்கிறது’ என்கிற கலவைகளின் இரகசியம் பெரும்பாலும் இதுவோ சீனித்துளசியோதான். ஆனால் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் இருப்பவர்கள், இதயம் சிறுநீரகம் தொடர்பான மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். மற்றவர்களும் எப்போதாவது, ஒரு சின்னக் குச்சி.

காய்ச்சும் முறை, படிப்படியாக

முதல் படி, தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு தேநீரின் மேல் ஏடாகப் படியும், மணத்தையும் அமுக்கும். வடிகட்டிய தண்ணீர் நல்லது. ஒரு கோப்பைக்கு 200 மில்லி கணக்கு.

இரண்டாவது, எதைக் கொதிக்கவிடுவது, எதை ஊறவைப்பது என்று பிரிப்பது. பட்டை, சுக்கு, அதிமதுரம், வறுத்த தானியம், உலர்ந்த ஆப்பிள், ரம்பை இவையெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து சிறுதீயில் 5 முதல் 10 நிமிடம் கொதிக்கட்டும். ஏலக்காய், நன்னாரி, பூக்கள் இவை அடுப்பை அணைத்த பிறகுதான். ரூயிபோஸ் இரண்டுக்கும் பணியும்.

மூன்றாவது, அளவு. அட்டையில் ஒரு பை, மூன்று நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது தேயிலைப் பழக்கம். என் முதல் ரூயிபோஸை மூன்று நிமிடத்தில் வடிகட்டி, கழுவிய தண்ணீர் போல இருந்ததால் பாக்கெட்டையே அலமாரியின் பின்னால் தள்ளி ஆறு மாதம் மறந்துபோனேன். தப்பு இலையில் இல்லை. பலகார ருசிக்கு 200 மில்லிக்கு இரண்டு டீஸ்பூன் ரூயிபோஸ், அதாவது சுமார் 4 கிராம். நன்றாகக் கொதிக்கும் தண்ணீர். 8 முதல் 10 நிமிடம். பால் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீரைப் பாதியாக்குங்கள், இலையைக் குறைக்காதீர்கள். கேமமைல் மட்டும் விதிவிலக்கு: ஒரு டேபிள்ஸ்பூன் பூ, 5 நிமிடம், அதற்கு மேல் கசக்கும். ஊட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான்காவது, மூடி. இதை நான் கத்திச் சொல்ல வேண்டும். டபராவைக் கவிழ்த்தாவது மூடுங்கள். எட்டு நிமிடம் கழித்து அதைத் திறந்து உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துளிகளில் கோப்பையைவிட அதிக மணம் இருக்கும். மூடாமல் விட்டிருந்தால் அதெல்லாம் சமையலறைக் கூரைக்குப் போயிருக்கும். அந்தத் துளிகளைத் தட்டி உள்ளேயே விடுங்கள்.

ஐந்தாவது, வடிகட்டல். ரூயிபோஸ் ஊசிகள் சாதாரண டீ வடிகட்டியின் கண்ணில் நழுவி விழும். மெல்லிய துணி அல்லது நுண்கண் வடிகட்டி வேண்டும். காபி ஃபில்டரும் ஆகும், அது என்னுடைய செல்ல வழி. மூன்று டேபிள்ஸ்பூன் ரூயிபோஸோடு ஒரு டீஸ்பூன் சிக்கரித் தூளைக் கலந்து மேல்பாத்திரத்தில் போட்டு, குடையை வைத்து அழுத்தி, 150 மில்லி கொதிநீர் ஊற்றுங்கள். ரூயிபோஸ் மட்டும் என்றால் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். சிக்கரி நீரை உறிஞ்சி ஊதி வழியை அடைப்பதால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே சேர்வது கறுஞ்சிவப்பு டிகாக்‌ஷன். சூடான பாலில் ஊற்றி ஆற்றினால், பார்வைக்குக் காபியேதான்.

ஆறாவது, உப்பு. விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. பாயசத்துக்கும் கேசரிக்கும் ஒரு கல் உப்பு போடுவதில்லையா, அதே காரணம். கசப்பு பின்வாங்கும், இனிப்பு முன்னே வரும்.

கடைசியாகத்தான் இனிப்பு. குடித்துப் பார்க்காமல் போடாதீர்கள். வேண்டுமென்றால் பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் எதுவானாலும் அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரைதான், சர்க்கரை நோயாளிக்கு அவை விலக்கு அளிப்பதில்லை. பாலில் வெல்லம் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் திரியும். பச்சை இஞ்சியும் பாலைத் திரிக்கும்; சுக்கோடு அந்தத் தொல்லை குறைவு.

ருசி பார்ப்பது எப்படி

தேயிலைத் தொழிலில் ருசி பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். சுவைக்காக இல்லை; எல்லாவற்றையும் ஒரே அளவில் காய்ச்சி ஒப்பிடுவதற்காக. வீட்டிலும் அந்த மனநிலை போதும். ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணங்கள், ஒரே அளவு, ஒரே நேரம், இனிப்பும் பாலும் இல்லாமல். ஒரே உட்காரலில் நான்கு வகைக்கு மேல் வேண்டாம், மூக்கு களைத்துவிடும்.

காய்ந்த இலையை முதலில் முகருங்கள். அப்புறம் வடிகட்டிய ஈர இலையை. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை தூரம் என்பதுதான் ஒரு கலவையின் நேர்மை. பாக்கெட்டைத் திறந்தால் வீடே மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது என்றால் மேலே தெளித்த செயற்கை மணம் என்று சந்தேகப்படலாம். இன்னொரு சோதனை, குடித்து முடித்த கோப்பையை ஐந்து நிமிடம் கழித்து முகர்வது. என் அனுபவத்தில் நிஜ வெனிலாவும் கறுவாவும் அங்கே காத்திருக்கும். தெளித்த மணம் போய்விட்டிருக்கும்.

குடிக்கும் சூடு முக்கியம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொன்னது. ருசிக்கும் அதுவே சரி. கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடு மட்டும்தான் தெரியும். கோப்பையைக் கையில் நிம்மதியாகப் பிடிக்க முடிகிற பதத்தில் தொடங்கி, வெதுவெதுப்பாகும் வரை மூன்று முறை ருசி பாருங்கள். ஆறும்போதுதான் குறைகள் வெளியே வரும்.

உறிஞ்சும்போது சத்தம் வரட்டும். விருந்தில் செய்தால் திட்டு விழும், இங்கே அது வேலை. காற்றும் நீரும் சேர்ந்து வாயில் சிதறினால் மணம் மூக்குக்கு ஏறும். முதலில் என்ன வருகிறது, நடுவில் வாய் நிறைகிறதா, விழுங்கிய பிறகு எது நிற்கிறது என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நாக்கைக் கழுவ வெறும் வெந்நீரும் ஒரு பிடி பொரியும் போதும்.

குறிப்பு எழுதும்போது அட்டையிலுள்ள வார்த்தைகளை விட்டுவிடுங்கள். க்ரீம் ப்ரூலேயை நம்மில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்? உங்கள் நாக்குக்குத் தெரிந்த பலகாரத்தைச் சொல்லுங்கள். என் நோட்டில் ‘திரட்டுப்பால் அடிப்பிடித்த இடம்’, ‘கடலை மிட்டாய், ஆனால் கடலை இல்லாமல்’, ‘ஊசிப்போன தேங்காய் பர்பி’ என்றெல்லாம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஒரு தேங்காய்த் துருவல் கலவைக்கு. எண்ணெய் சிக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் வெனிலா ரூயிபோஸையும் நன்னாரிக் கலவையையும் பெயர் சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினேன். வெனிலாவைக் குடித்துவிட்டு, “என்னடி இது, பிஸ்கட் நனைச்ச தண்ணி மாதிரி” என்றார். நன்னாரியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது எங்க ஊர்த் திருவிழா சர்பத்துடி. ஏன் சூடா குடுக்கற?” என்றார். பிறகு கிண்ணத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்.

நான்கு கலவைகள்

நன்னாரிக் கேரமல். ஒரு டீஸ்பூன் தட்டிய நன்னாரித் தோலை 150 மில்லி கொதிநீரில் போட்டு மூடி 20 நிமிடம் வையுங்கள். வடிகட்டி, அரை டீஸ்பூன் சிக்கரித் தூள் சேர்த்து ஒரு கொதி மட்டும் காட்டி இறக்கி, மறுபடி வடிகட்டுங்கள். 50 மில்லி சூடான பால், துளி உப்பு. அம்மா பிடித்துவைத்துக்கொண்டது இதைத்தான், பால் இல்லாமல்.

பொங்கல் தேநீர். இது என் சொந்தக் கிறுக்கு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு டீஸ்பூன் பச்சரிசி, அரை டீஸ்பூன் பாசிப்பருப்பு. வெறும் வாணலியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். முதலில் மாவு வாசனை வரும். அதில் நிறுத்தக் கூடாது. அரிசி வெள்ளையாகப் பொரிந்து பிறகு பொன்னிறமாகும், பருப்பு செம்மண் நிறத்துக்கு வரும், பக்கத்து அறையிலிருந்து யாராவது ‘பொங்கலா?’ என்று கேட்பார்கள். அந்த நொடியில் 250 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், சீறும், கையைத் தள்ளி வையுங்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும் இரண்டு டீஸ்பூன் ரூயிபோஸ், தட்டிய ஏலக்காய் ஒன்று போட்டு அணைத்து மூடி எட்டு நிமிடம். கரண்டியால் கிளறி மசிக்காதீர்கள், மாவு கரைந்து கஞ்சியாகிவிடும். வடிகட்டி, உப்பு, சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. மேலே ஒரு சொட்டு நெய். அந்த நெய்ச் சொட்டு மேலே மிதந்து, ஒவ்வொரு வாய்க்கும் மூக்கருகில் வந்து போகும்.

வட்டிலப்பத் தேநீர். இலங்கை முஸ்லிம் வீடுகளின் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை நினைத்துச் செய்தது. இரண்டு ரம்பை இலையை முடிச்சுப் போட்டு ஒரு துண்டு கறுவாவோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ரூயிபோஸ் போட்டு ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால், சாதிக்காய் இரண்டு துருவல், கித்துள் என்ற பனைவகையின் வெல்லம் கிடைத்தால் கொஞ்சம். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது, பிரிந்துவிடும்.

ஆப்பிள் கறுவா. மெல்லியதாக நறுக்கி மொறுமொறுவென்று காயவைத்த ஆப்பிள் ஒரு பிடி, கறுவா ஒரு துண்டு, எட்டு நிமிடம் சிறுதீ. அணைத்து, கேமமைல் ஒரு டேபிள்ஸ்பூன், மூடி, ஐந்து நிமிடம். பால் கிடையாது. சாமந்திக் குடும்பப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கேமமைலுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சுவை சரியில்லை என்றால்

நீர்த்துப்போனால் இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டுவது இரண்டாவது. மணம் இருக்கிறது ஆனால் வாய் நிறையவில்லை என்றால் உப்பு, அல்லது கால் டீஸ்பூன் சிக்கரி, அல்லது நான்கு ஆப்பிள் துண்டு. பிளாஸ்டிக் வாசனை அடித்தால் மணம் தெளித்த இலை. அதே அளவு வெறும் ரூயிபோஸோடு கலந்து பாதியாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மருந்து மாதிரி இருந்தால் மணப் பொருள் கூடிவிட்டது. ஒரு கோப்பையில் ஒரு கதாநாயகன் போதும். ஏலக்காய், பட்டை, சோம்பு, சாதிக்காய் எல்லாம் சேர்ந்தால் அது குருமா.

வைத்திருக்கும் விதம்

காற்றுப் புகாத டப்பா, வெளிச்சமில்லாத இடம், பெருங்காயத்திலிருந்து குறைந்தது ஒரு தட்டு தூரம். கடைசியாகச் சொன்னதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். வெறும் ரூயிபோஸ் ஒரு வருஷம் தாராளமாகத் தாங்கும். தேங்காய், பருப்பு வகை கலந்தவற்றை இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். முதல் முறை 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

ஊறிய ரூயிபோஸில் இன்னும் கொஞ்சம் சாறு மிச்சமிருக்கும். அதைத் தூக்கிப் போடாமல், ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்கப் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வடிகட்டினால் வெளிர்சிவப்பாக, தேன் வாசனையோடு ஒரு பாட்டில் குடிநீர் கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளித் தண்ணீர் பாட்டிலுக்கு எங்கள் வீட்டில் அதுதான் போகிறது.